அடல்ட் டயபர் செலவு: எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கவே கூடாது?

மருந்து ஆப்பில் உங்கள் பழைய ஆர்டர்களைத் திறந்து பாருங்கள். அப்பாவின் பிபி மாத்திரை, அம்மாவின் சுகர் மாத்திரை எல்லாம் இருக்கும். சில வீடுகளில் அவற்றைவிடப் பெரிய தொகையில் இன்னொரு பொருளும் இருக்கும். அதை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. "அது தீரப்போகுது, போட்டு விட்டுடு" என்று அம்மா போனில் சொல்வார். நீங்களும் பழைய ஆர்டரையே திரும்பத் தட்டிவிட்டு அடுத்த மீட்டிங்குக்குப் போய்விடுவீர்கள்.

அந்தப் பொருள் அடல்ட் டயபர். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்கள் சுமார் 10.4 கோடிப் பேர். சிறுநீரை அடக்க முடியாத சிக்கல் அவர்களில் எல்லோருக்கும் வருவதில்லை, அவர்களுக்கு மட்டும் வருவதும் இல்லை. பிரசவம் முடிந்த பெண்கள், பக்கவாதம் வந்தவர்கள், ப்ராஸ்டேட் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், மூளை முடக்குவாதம் உள்ள இளைஞர்கள் எனப் பட்டியல் நீளமானது. பேசக் கூச்சம் என்பதால் இந்தச் செலவை யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. இந்தக் கட்டுரையில் அதைப் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் கணக்கு

ஒரு டயபர் 40 ரூபாய், ஒரு நாளைக்கு 4 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வாங்கும் விலை கூடவோ குறையவோ இருக்கலாம். உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கு மாறாது.

40 × 4 × 30 = மாதம் ரூ.4,800. வருடத்துக்கு ரூ.58,400.

இதைக் குறைக்க என்று சொன்னதும் நம் மூளை நேராக ஆஃபருக்குத்தான் போகும். 10% தள்ளுபடி கிடைத்தால் மாதம் ரூ.480 மிச்சம். 2025 செப்டம்பர் 22 முதல் குழந்தைகளின் நாப்கினுக்கும் கிளினிக்கல் டயபருக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அந்தக் குறைப்பு முழுவதும் விலையில் இறங்கியிருந்தால், முன்பு ரூ.4,800 ஆன பில் ரூ.4,500 ஆகும். மிச்சம் ரூ.300. (சானிட்டரி நாப்கினுக்கு 2018 ஜூலையிலேயே ஜிஎஸ்டி முழுசாக நீக்கப்பட்டது. டயபருக்கு 5% இன்னும் இருக்கிறது.)

ஒரு நாளைக்கு ஒரு டயபர் குறைந்தால்? மாதம் ரூ.1,200 மிச்சம். இரண்டு குறைந்தால் ரூ.2,400. அதாவது பெரிய தொகை விலையில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. ஆனால் நனைந்ததை மாற்றாமல் விட்டு எண்ணிக்கையைக் குறைக்கக் கூடாது. கசிவைக் குறைத்தோ, சரியான பொருளைத் தேர்ந்தெடுத்தோதான் குறைக்க வேண்டும். இந்த வித்தியாசம்தான் இந்தக் கட்டுரையின் மையம்.

ஏன் கசிகிறது என்று யாராவது கேட்டார்களா?

"வயசானா அப்படித்தான்" என்று வீட்டில் சொல்லிவிடுகிறோம். மருத்துவத்தில் இதற்குத் தனித்தனிக் காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

- இருமினால், தும்மினால், சிரித்தால் கசிவது. பிரசவத்துக்குப் பிறகும் மாதவிடாய் நின்ற பிறகும் பெண்களுக்கு அதிகம். கெகல் என்று பலரும் அறிந்த இடுப்புத்தளத் தசைப் பயிற்சிதான் முதல் சிகிச்சை. குறைந்தது 3 மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். யூடியூப் பார்த்துச் செய்வதைவிட, பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் சரியான தசையைத்தான் இறுக்குகிறோமா என்று ஒருமுறை உறுதி செய்துகொள்வது நல்லது.
- திடீரென முட்டிக்கொண்டு வருவது. பாத்ரூம் போய்ச் சேர்வதற்குள் கசிந்துவிடும். சிறுநீர்ப்பையைப் பழக்கும் பயிற்சியும் மருந்துகளும் இருக்கின்றன. காபி, டீயைக் குறைப்பது சிலருக்கு உதவும்.
- நிரம்பி வழிவது. ப்ராஸ்டேட் வீக்கத்தாலோ நீண்ட நாள் சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்டோ பை முழுதாகக் காலியாகாமல் சொட்டிக்கொண்டே இருப்பது. இதற்கு டயபர் தீர்வே இல்லை. சிகிச்சை தாமதமானால் சிறுநீரகம் வரை பாதிக்கலாம்.
- பாத்ரூமுக்குப் போக முடியாமை. பையில் கோளாறு இல்லை. மூட்டுவலி, தடுமாற்றம், மறதி நோய், இருட்டு வழிநடை என்று ஏதோ ஒன்று தடுக்கிறது.

கடைசி வகைக்குச் செலவில்லாத தீர்வுகள் நிறைய. கட்டில் பக்கத்தில் யூரின் கேன், ராத்திரி விளக்கு, கைப்பிடி, நாடா வைத்த பைஜாமாவுக்குப் பதில் எலாஸ்டிக் வைத்தது. மடக்கும் சாதாரண கமோட் சேர் ஒன்று பெரும்பாலும் ஒரு மாத டயபர் செலவுக்குள் கிடைத்துவிடும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு டயபர் குறைந்தாலே சில மாதங்களில் போட்ட பணம் திரும்பிவிடும்.

மருந்துப் பட்டியலையும் டாக்டரிடம் காட்டுங்கள். பிபிக்கும் இதயத்துக்கும் தரும் நீர் மாத்திரைகள், சர்க்கரைக்குத் தரும் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சிறுநீரைக் கூட்டும். எடுக்கும் நேரத்தை மாற்றலாமா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும்கூட கசிவைக் கூட்டும். இரண்டுமே சரிசெய்யக் கூடியவை.

சிறுநீரில் ரத்தம், காய்ச்சல், சிறுநீர் அடியோடு நின்றுபோவது, திடீரெனத் தொடங்கிய கசிவோடு கால் பலவீனமோ தொடையிடுக்கில் மரத்துப்போவதோ இருந்தால், காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்று நாள் டேட்டா எடுங்கள்

டாக்டர்கள் இதைச் சிறுநீர் டைரி என்பார்கள். ஒரு நோட்டில் மூன்று நாள்: எப்போது, என்ன குடித்தார், எப்போது பாத்ரூம் போனார், எப்போது கசிந்தது. இதோடு எடையையும் சேர்த்தால் டைரி நன்றாகவே பேசும்.

வழி சுலபம். காய்ந்த டயபர் ஒன்றை எடை போடுங்கள். கழற்றியதைக் கவரில் கட்டி அதையும் எடை போடுங்கள். வித்தியாசம் எத்தனை கிராமோ, கிட்டத்தட்ட அத்தனை மிலி சிறுநீர். காய்ந்தது 110 கிராம், கழற்றியது 410 கிராம் என்றால் 300 மிலி. (இதற்கென்று ஒரு டிஜிட்டல் தராசைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள், சமையலறைக்குத் திரும்ப வேண்டாம்.)

மூன்று நாள் முடிந்ததும் இப்படிப் படிக்கலாம்:

- பகலில் கழற்றியவற்றில் பெரும்பாலும் 100–150 மிலிதான் இருக்கிறதா? அப்படியென்றால் பகலில் முழு டயபர் வீண். உள்ளாடையில் ஒட்டும் இன்சர்ட் பேட் போதலாம்.
- நிரம்புவதற்கு முன்பே ஓரத்தில் கசிகிறதா? அது உறிஞ்சும் திறனில் உள்ள குறை இல்லை, அளவில் உள்ள குறை.
- ராத்திரி மட்டும் நிறைய வருகிறதா? இரவுக்குத் தனிப் பொருள் வேண்டும். வயதானவருக்கு 24 மணி நேரச் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் வருகிறது என்றால் அந்த நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள். அதற்குப் பின்னால் வேறு காரணம் இருக்கலாம்.
- கசியும் நேரங்களில் ஒரு ஒழுங்கு தெரிகிறதா? அந்த நேரத்துக்கு 20–30 நிமிடம் முன்பே "பாத்ரூம் போயிட்டு வந்துடலாமா?" என்று கூட்டிப் போங்கள். மறதி நோய் உள்ளவர்களுக்கு 2–3 மணி நேரத்துக்கு ஒருமுறை இப்படிக் கேட்பதே பெரிய வித்தியாசம் தரும். டயபர் எண்ணிக்கை நேர்மையாகக் குறையும் இடம் இதுதான்.

எதை, எப்போது வாங்குவது?

எல்லா நேரத்துக்கும் ஒரே பொருள் என்பதுதான் செலவு கூடுவதற்கு முக்கியக் காரணம்.

பேன்ட் டைப்: நடமாடுபவர்களுக்கு. தானே போட்டுக் கழற்றலாம். விலை கூடுதல். கோயில், கல்யாணம், பயணம் என்று வெளியே போகும் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

டேப் டைப்: படுக்கையில் இருப்பவர்களுக்கும் இரவுக்கும். படுத்தபடியே மாற்றலாம்.

இன்சர்ட் பேட்: லேசான கசிவுக்கு. மாதவிடாய் நாப்கின் இதற்குச் சரிப்படாது. சிறுநீர் ஒரே வீச்சில் வேகமாக வரும், நாப்கின் அதற்காகச் செய்யப்பட்டதில்லை.

அண்டர்பேட்: மெத்தையைக் காப்பாற்ற. துவைத்துப் பயன்படுத்தும் வாட்டர்ப்ரூஃப் ஷீட்டும் அதன்மேல் பருத்தித் துணியும் போட்டால், தினம் ஒன்றைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

அளவில் கவனம் வையுங்கள். "கொஞ்சம் பெருசா வாங்கினா நிறைய தாங்கும்" என்பது தப்பு. பெரிய சைஸ் தொடையருகே இடைவெளி விடும், அங்கேதான் கசியும். இடுப்பையும் பின்புறத்தையும் டேப் வைத்து அளந்து, எது அதிகமோ அதை வைத்து சைஸ் பாருங்கள். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு டயபர் போடுவதும் பயன் தராது. உள்ளே இருப்பதன் பிளாஸ்டிக் அடிப்பாகம் ஈரத்தை வெளியே விடாது. பாக்கெட்டில் எழுதியிருக்கும் மிலி அளவு பெரும்பாலும் ஆய்வகத்தில் அளந்தது. உடம்பு அழுத்தும்போது அந்த அளவு தாங்காது. உங்கள் தராசு சொல்லும் எண்தான் உங்களுக்கு உண்மை.

இப்போது பழைய கணக்கைத் திருப்பிப் போடுவோம். விலைகள் கணக்குக்காக வைத்தவை.

- இரவுக்கு ஒரு டேப் டைப், ரூ.50 × 30 = ரூ.1,500
- பகலுக்கு இரண்டு இன்சர்ட் பேட், ரூ.20 × 60 = ரூ.1,200
- வெளியே போகும் 8 நாளுக்கு பேன்ட் டைப், ரூ.50 × 8 = ரூ.400
- அண்டர்பேட் 10, ரூ.25 × 10 = ரூ.250
- சருமப் பாதுகாப்பு கிரீம் ரூ.150

மொத்தம் ரூ.3,500. கிரீமும் அண்டர்பேடும் புதிதாகச் சேர்ந்தும் ரூ.1,300 குறைவு. இது நடமாடக்கூடிய, பகலில் லேசாகக் கசியும் ஒருவருக்கான கணக்கு. முழுக்கப் படுக்கையில் இருப்பவருக்கு இது பொருந்தாது.

துவைக்கும் துணி டயபர்? பணம் கட்டாயம் மிச்சமாகும். ஆனால் தண்ணீர், சோப்பு, மழைக்காலத்தில் காயாத துணி எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். முக்கியமாக, துவைக்கப் போவது யார் என்று கேளுங்கள். பெரும்பாலான வீடுகளில் பதில் அம்மா, இல்லையென்றால் மனைவி. அவர்களுடைய ஒரு மணி நேர உழைப்பைக் கணக்கில் பூஜ்யமாகப் போட்டால்தான் துணி 'இலவசம்' ஆகும். பகலுக்குத் துணி, இரவுக்கு டேப் டைப் என்று கலந்து வைத்துக்கொள்பவர்கள் உண்டு.

எங்கே வாங்குவது?

பாக்கெட்டின் மொத்த விலையை ஒப்பிடாதீர்கள். ஒரு பிராண்டில் 10 இருக்கும், இன்னொன்றில் 8 இருக்கும். ஒரு எண்ணத்துக்கான விலையை பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது சட்டமுறை எடையளவு விதி. எம்ஆர்பி பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் பாருங்கள். தள்ளுபடி விலையில் வாங்கினால் நீங்களே எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனை வாசலில் இருக்கும் மெடிக்கல் ஷாப்பைவிட, சர்ஜிக்கல் பொருள்களை மொத்தமாக விற்கும் கடையில் கேட்டுப் பாருங்கள். பெட்டியாக எடுத்தால் விலை இறங்கும். மக்கள் மருந்தகம் என்று நாம் சொல்லும் ஜன் ஔஷதி கடைகளின் பொருள் வரிசையில் 'ஸ்வாபிமான்' என்ற பெயரில் அடல்ட் டயபர் இடம்பெற்றிருக்கிறது. எல்லாக் கடையிலும் எல்லா நாளும் இருக்காது. 'ஜன் ஔஷதி சுகம்' ஆப்பில் பக்கத்துக் கடையைக் கண்டுபிடித்து, போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள்.

முதல் மாதம் பெட்டி வேண்டாம், சின்ன பாக்கெட் போதும். பிரித்த டயபரைப் பல தளங்கள் திருப்பி எடுப்பதில்லை. சைஸ் சரி, கசிவில்லை, சருமம் சிவக்கவில்லை என்று இரண்டு வாரம் பார்த்துவிட்டுப் பெட்டிக்குப் போகலாம்.

இன்ஷூரன்ஸ் தருமா?

சுருக்கமான பதில்: பெரும்பாலும் தராது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த 'பாலிசியில் சேராத பொருள்கள்' பட்டியலில் 68 இனங்கள் இருக்கின்றன. அதில் "எந்த வகை டயபரும்" என்பது ஒன்று. உங்கள் பாலிசி ஆவணத்தின் கடைசிப் பக்கங்களில் இந்தப் பட்டியலைத் தேடிப் பாருங்கள். அப்பாவை மருத்துவமனையில் சேர்த்தபோது பில்லில் டயபர் தொகையை மட்டும் வெட்டியிருந்தால் காரணம் இதுதான்.

இந்தப் பொருள்களையும் சேர்க்கும் 'கன்ஸ்யூமபிள்ஸ்' ஆட்-ஆன் சில நிறுவனங்களில் கிடைக்கிறது. அதுவும் பொதுவாக மருத்துவமனையில் இருக்கும் நாள்களுக்குத்தான், வீட்டுச் செலவுக்கு இல்லை. உங்கள் கம்பெனி புறநோயாளி செலவுக்குத் தனித் தொகை தருகிறதா, அதில் மருந்துக்கடை பில் செல்லுமா என்று எச்ஆரிடம் ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள்.

இது வேறு மாதிரியும் இருக்க முடியும். பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையில் செவிலியர் பரிசோதித்துத் தேவை என்று சொன்னால் பேட் இலவசமாகக் கிடைக்கும். ஜப்பானில் டாக்டர் சான்றிதழ் இருந்தால் டயபர் செலவை வரிக்கழிவில் மருத்துவச் செலவாகக் காட்டலாம். இரண்டு நாடுகளும் இதை மருத்துவச் செலவாகப் பார்க்கின்றன. நம் காப்பீட்டுப் பட்டியலில் இது தனிப்பட்ட வசதிப் பொருள்களோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது.

வருமான வரியில் ஏதாவது கிடைக்குமா?

பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும் மூன்று கதவுகள் இருக்கின்றன.

- 80டி: 60 வயதைத் தாண்டிய பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடு இல்லை என்றால், அவர்களுக்குச் செய்யும் மருத்துவச் செலவில் ரூ.50,000 வரை கழிக்கலாம். ரொக்கமாகக் கொடுத்தது செல்லாது. எதெல்லாம் மருத்துவச் செலவு என்று சட்டம் பட்டியல் போடவில்லை. அதனால் டாக்டர் சீட்டில் டயபரை எழுதி வாங்குங்கள், யுபிஐ அல்லது கார்டில் கட்டி பில்லை வைத்துக்கொள்ளுங்கள்.
- 80டிடி: உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோர், துணை, பிள்ளை, உடன்பிறந்தவருக்குச் சட்டம் சொல்லும் மாற்றுத்திறன் 40% அல்லது அதற்கு மேல் இருந்து, அவர் பராமரிப்புக்கு நீங்கள் செலவு செய்தால் ரூ.75,000. 80% தாண்டினால் ரூ.1,25,000. தொகை நிலையானது, எவ்வளவு செலவானது என்று பார்ப்பதில்லை. நடமாட்டக் குறைபாடு, மூளை முடக்குவாதம் இதில் வரும். சான்றிதழ் அவசியம்.
- 80டிடிபி: மறதி நோய், பார்க்கின்சன் போன்ற குறிப்பிட்ட நரம்பு நோய்கள் 40 சதவீதத்துக்கு மேல் பாதித்திருந்தால், சிகிச்சைச் செலவில் மூத்த குடிமக்களுக்கு ரூ.1 லட்சம் வரை. சிறப்பு மருத்துவரின் சீட்டு வேண்டும்.

30% வரி அடுக்கில் இருப்பவருக்கு செஸ்ஸோடு சேர்த்து ரூ.50,000 கழிவு என்பது ரூ.15,600 மிச்சம். ரூ.1,25,000 என்றால் ரூ.39,000. ஆனால் இதற்காக மட்டும் பழைய முறைக்குத் தாவ வேண்டாம். 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் ரூ.12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி இல்லை. நீங்கள் அதற்குள் இருந்தால் இந்தக் கழிவுகளால் லாபமே இல்லை. இரண்டு முறையிலும் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆடிட்டரிடம் எண்ணோடு சலுகையின் விவரத்தையும் சொல்லிக் கேளுங்கள்.

அரசுத் திட்டங்கள்

டயபரை மாதாமாதம் வாங்க உதவாவிட்டாலும், காரணத்தைச் சரிசெய்ய இரண்டு திட்டங்கள் உதவும். 70 வயதைத் தாண்டிய எல்லோருக்கும், வருமானம் பார்க்காமல், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவமனைச் சிகிச்சை 2024 அக்டோபர் முதல் கிடைக்கிறது. ப்ராஸ்டேட் அறுவை சிகிச்சை இதில் இருக்கிறது. மாத வருமானம் ரூ.15,000-க்கு மிகாத மூத்த குடிமக்களுக்கு ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனாவில் உதவிக் கருவிகள் இலவசம். அந்தப் பட்டியலில் கமோட் நாற்காலியும் உண்டு. உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவின் மாமியாருக்குத் தேவைப்படலாம்.

எங்கே கை வைக்கக் கூடாது

தண்ணீரில். செலவாகிறதே என்று பல பெரியவர்கள் தாங்களாகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். அடர்த்தியான சிறுநீர் பையை உறுத்தும், தொற்று வரும், மலம் கட்டும். கசிவு இன்னும் கூடும். படுக்கப்போகும் முன் இரண்டு மணி நேரம் குறைத்துக்கொள்ளலாம். நாள் முழுக்கக் குறைக்கக் கூடாது.

மாற்றும் நேரத்தில். மலம் பட்டால் உடனே மாற்றியாக வேண்டும். நன்றாக நனைந்ததை வைத்திருந்தால் சருமம் சிவந்து புண்ணாகும். படுக்கையில் இருப்பவருக்கு அது படுக்கைப் புண்ணுக்கு வழி திறந்துவிடும். ஒரு புண்ணுக்கு மருந்து கட்டும் செலவில் பல மாத டயபர் வாங்கிவிடலாம்.

கதீட்டரில். "டியூப் போட்டுட்டா செலவு மிச்சம்" என்று யாராவது சொல்வார்கள். வசதிக்காகவும் செலவுக்காகவும் உள்ளே டியூப் வைப்பது சிறுநீர்த் தொற்றை விலைக்கு வாங்குவது. டாக்டர் மருத்துவக் காரணம் சொன்னால் மட்டும். ஆண்களுக்கு வெளியே மாட்டும் உறை வகை இருக்கிறது. அதையும் சரியான அளவில் எப்படி மாட்டுவது என்று செவிலியரிடம் கற்றுக்கொண்டே பயன்படுத்துங்கள்.

பேச்சை எப்படி ஆரம்பிப்பது?

"டயபர் போட்டுக்கோங்க" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "அப்பா, ராத்திரி எத்தனை தடவ எழுந்திருக்கீங்க? தூக்கம் வருதா?" என்று கேளுங்கள். தூக்கத்தைப் பற்றிப் பேசுவது யாருக்கும் அவமானம் இல்லை. அங்கிருந்து டாக்டரிடம் போவது வரை நகர்த்தலாம். அம்மா சமீபமாகக் கல்யாண வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறாரா, பஸ் பயணத்தைத் தவிர்க்கிறாரா, புடவையை அடிக்கடி மாற்றுகிறாரா? முழங்கால் வலி என்று சொல்லியிருப்பார். காரணம் இதுவாகவும் இருக்கலாம். பிறர் முன்னால் கேட்காதீர்கள், பில் தொகையை அவர் காதில் போடாதீர்கள். தன்னால் பிள்ளைக்குச் செலவு என்று தெரிந்த நாளிலிருந்துதான் பல பெரியவர்கள் தண்ணீரைக் குறைக்க ஆரம்பிக்கிறார்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

1. கடைசி மூன்று மாத ஆர்டரைப் பார்த்து, ஒரு டயபரின் விலையையும் ஒரு நாளின் எண்ணிக்கையையும் எழுதுங்கள்.
2. மூன்று நாள் டைரி, எடையோடு.
3. இடுப்பளவு எடுத்து சைஸைச் சரிபாருங்கள்.
4. டைரி, மருந்துப் பட்டியல் இரண்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். சீட்டில் டயபரையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.
5. பாலிசியின் கடைசிப் பக்கங்களைப் படியுங்கள். எச்ஆருக்கு மெயில் போடுங்கள்.

அடுத்த மாதம் அம்மா "அது தீரப்போகுது" என்று சொல்லும்போது, ஆர்டர் போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "பகலுக்கு எத்தனை, ராத்திரிக்கு எத்தனைம்மா?"